முன்கூட்டிய மறுப்பு

ஐயா, நீங்கள் கொடுத்த தாளின் தலைப்பில் 'வாக்குமூலம் படிவம்' என்று அச்சாகியிருக்கிறது. 'வாக்குமூலப் படிவம்' என்று வர வேண்டும். குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டுவிட்டது. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவனுக்கு, சோற்றில் கல் அகப்படுவது மாதிரி இதெல்லாம் தானாகப் பல்லில் அகப்படும். நீங்கள் கேளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

மெய்ப்பு என்றால் என்னவென்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் கேட்டார். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு மாதிரித் தாள் எடுப்பார்கள். அதில் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, விடுபட்ட புள்ளி எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பதுதான் மெய்ப்புப் பார்ப்பது. சொல்லப்பட்ட விஷயம் மெய்யா பொய்யா என்பது எங்கள் கவலை இல்லை. 'சூரியன் மேற்குப் பக்கம் உதிக்கிறது' என்று வந்தால், 'மேற்குப்' என்பதில் அந்த 'ப்' இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் சரி என்று கீறிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம்.

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வதந்திகளையும் பொய்ச் செய்திகளையும் அந்தந்த வட்டாரத்து மக்களே எதிர்கொள்ள ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது, விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்றிருந்தது. நான் எழுதினேன். அனுபவம் என்ற இடத்தில், 'முப்பத்தோர் ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தல்' என்று போட்டேன்.

நேர்காணலில் அறக்கட்டளையின் திட்ட அதிகாரி, நாங்கள் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறவர், அந்த வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "முப்பத்தோரு வருஷமா மெய் பாக்கறீங்களா சார்? அப்பல்லாம் இந்தத் துறையே கிடையாதே!"

"ஆரம்பத்துலேருந்தே இருக்கேன் மேடம்," என்றேன்.

அதுவும் உண்மைதானே. அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று என் பேருக்கு நேரே போட்டுக் கடிதம் வந்துவிட்டது. என் பேரை யாராவது அச்சடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆயிரக்கணக்கான புத்தகங்களைத் திருத்தியிருக்கிறேன், எதிலும் மெய்ப்பு யார் பார்த்தது என்று போட மாட்டார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி, நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. குடியிருப்பின் மூலையில் ரொட்டிக் கடை வைத்திருந்தான், கடைக்குப் பின்னாலேயே படுக்கை. மூன்று கட்டடங்களில் நானூற்றுச் சொச்சம் வீடுகள், எல்லா வீட்டுக்கும் காலை ரொட்டி அவன் அடுப்பிலிருந்துதான் போகும். வாயைத் திறந்தால் கேலி. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை நோய். போன வருஷம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "ஒரு துண்டு ரொட்டிகூட உங்களுக்கு விஷம்," என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அச்சகம் மூடிய பிறகு இரண்டு வருஷம் நான் வேலையில்லாமல் இருந்தேன். மனைவி துணிக்கடை வேலைக்குப் போனாள். அந்த இரண்டு வருஷமும் தினம் காலை எங்கள் வாசலில் ஒரு ரொட்டி பையில் கட்டித் தொங்கும். கதவைத் தட்ட மாட்டான், சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போய்விடுவான். தட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அவன்மேல் எனக்குப் பிரியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

திட்டத்தின் நிபந்தனை ஒன்றுதான் பெரியது. மாதம் நான்கு வதந்திகளைக் கண்டுபிடித்து மறுக்க வேண்டும். நான் நினைத்தேன், மாதம் நாற்பது வரும் என்று. முதல் இரண்டு மாதம் குடியிருப்பில் ஒரு வதந்திகூட இல்லை ஐயா. மாடிமாடியாக ஏறி இறங்கினேன். "வதந்தி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டால், பழைய பேப்பர்காரரிடம் சொல்வது மாதிரி, "இன்னிக்கு ஒண்ணுமில்லைங்க, அடுத்த வாரம் வாங்க," என்பார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. இரண்டாம் கட்டட லிஃப்ட்டைச் சரிசெய்யப் போகிறார்கள் என்றார்கள். விசாரித்தேன், பொய். மறுப்பு எழுதி ஒட்டினேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது வதந்தி இல்ல, ஏக்கம்," என்று அடித்துவிட்டார்.

அடுத்த அறிக்கைக்கு ஐந்து நாள் இருந்தது. வதந்தி இல்லையென்றால் திட்டம் இல்லை, திட்டம் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளர் இல்லை. கடைக்குப் போய் மைத்துனனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உன் கடை பேர்ல ஒரு வதந்தி வெச்சுக்கட்டுமா மச்சான்? உடனே நானே மறுத்துடறேன்."

அவன் மாவுக் கையோடு சிரித்தான். "தாராளமா வெச்சுக்குங்க அத்தான். என்னைப் பத்தி யாரும் எதுவுமே பேச மாட்டேங்கறாங்கன்னு எனக்கும் குறையாத்தான் இருந்துச்சு. ரொட்டியில மரத்தூள் கலக்கறேன்னு போடுங்க, எடுப்பா இருக்கும்."

மரத்தூள் அவன் கொடுத்தது. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய மறுப்பு இது: 'மூலைக்கடை ரொட்டியில் மரத்தூள் கலக்கப்படுவதாகக் குடியிருப்பில் சிலரிடையே பரவிவரும் செய்தியில் எள்ளளவும் உண்மை இல்லை.' ஒரு பிழை கிடையாது. குடியிருப்பின் செல்போன் குழுவில் போட்டேன். ஆனால் அறக்கட்டளையின் விதிப்படி ஒவ்வொரு மறுப்புக்கும் மேலே அறக்கட்டளையின் பேர், திட்டத்தின் பேர், இரண்டு வரி நன்றி, 'உண்மை அறிவோம், ஒன்றாய் உயர்வோம்' என்ற வாசகம், இத்தனையும் வர வேண்டும். அது போக, செல்போன் திரையில் மிச்சம் இருந்த இடத்துக்கு, 'மூலைக்கடை ரொட்டியில் மரத்தூள் கலக்கப்படுவதாக' என்பது வரைக்கும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே 'மேலும் வாசிக்க' என்று நீல எழுத்தில் நின்றுவிட்டது.

தமிழில் 'இல்லை' கடைசியில்தானே வரும். மேலும் வாசிக்க என்பதை அழுத்துகிறவர்கள் உலகத்திலேயே குறைவு. எங்கள் குடியிருப்பில் ஒருத்தரும் இல்லை.

அன்று சாயங்காலம் பாதி ரொட்டி மிஞ்சியது. மறுநாள் முக்கால்வாசி. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? எந்த மாடிப்படியில் ஏறினாலும் மரத்தூள்தான் பேச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுப்பு எழுதும்போது இல்லாத வதந்தி, இப்போது நிஜமாகவே இருந்தது. என் மறுப்பு அன்றைக்குத்தான் உண்மையான மறுப்பு ஆனது. வரிசை கொஞ்சம் முன்பின்னாகிவிட்டது, அவ்வளவுதான்.

அறிக்கையைப் பார்த்த மேடத்துக்கு ஒரே குழப்பம். வதந்தி பரவிய தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே மறுப்பின் தேதி இருக்கிறதே என்றார். அவரே யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது.

"சார்! வதந்தி வர்றதுக்கு முன்னாடியே மோப்பம் பிடிச்சு மறுத்திருக்கீங்க. வெளிநாட்டுல இதை முன்கூட்டிய மறுப்புன்னு பாடமா நடத்தறாங்க. நீங்க தனியா உக்காந்து கண்டுபிடிச்சிருக்கீங்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்தவற்றை நான் தெரிந்தேதான் செய்தேன். அந்த மரத்தூள் சவப்பெட்டிப் பட்டறையிலிருந்து வருகிறது என்பதில் உண்மை இல்லை என்று எழுதினேன். ரொட்டியின் பளபளப்புக்கு ஷூ பாலிஷ் போடப்படுவதாகச் சொல்வதில் உண்மை இல்லை என்று எழுதினேன். அதற்கு முந்தின நாள்வரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. 'இல்லை' என்பது திரைக்குக் கீழே விழுகிறதா என்று என் செல்போனில் முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்வேன். விழாவிட்டால் நடுவில் 'நமது குடியிருப்பில் பல்லாண்டுகளாக நற்பெயருடன் இயங்கிவரும்' என்று நாலு சொல் சேர்ப்பேன். அவனைப் பாராட்டிய மாதிரியும் ஆயிற்று.

மைத்துனன் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "அத்தான், நல்லாத்தான் மறுக்கறீங்க. ஆனா நீங்க மறுக்க மறுக்க ரொட்டி மிஞ்சிக்கிட்டே போவுதே. அந்த 'இல்லை'யக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போடக் கூடாதா?"

"தமிழ்ல பயனிலை கடைசிலதான் வரும் மச்சான். இலக்கணத்த நான் மாத்த முடியுமா?"

"அதுவும் சரிதான்," என்று போய்விட்டான். நான் சொன்னது இலக்கணப்படி சரி. 'பொய்ச் செய்தி' என்று முதலிலேயே போட்டுவிட்டு எழுத ஆறு வழி உண்டு, ஆறும் எனக்குத் தெரியும். அவன் இலக்கணத்தைக் கேட்டான், நான் இலக்கணத்தைச் சொன்னேன்.

பிறகுதான் உண்மையான வதந்தி வந்தது, யாரும் விதைக்காமல் தானாக முளைத்தது. முதல் கட்டட டீச்சரம்மா ஒருநாள் கடையில் ரொட்டி வாங்கிவிட்டு, அந்த மரத்தூள் பேச்சையெல்லாம் தான் நம்பவில்லை என்று காட்டுவதற்காக, ஒரு துண்டைப் பிய்த்து அவனிடமே நீட்டியிருக்கிறார். அவன் தன் வழக்கப்படி சிரித்துக்கொண்டு, "ஐயோ, எனக்கு இது விஷம்ங்க," என்று சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள் மூன்று கட்டடங்களுக்கும் தெரிந்துவிட்டது: ரொட்டிக்காரன் அவன் ரொட்டியை அவனே தின்ன மாட்டானாம், விஷம் என்று அவன் வாயாலேயே சொன்னானாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எனக்குச் சங்கடம் என்னவென்றால், இது உண்மை. அவன் தன் ரொட்டியைத் தின்பதில்லை. உண்மையை எப்படி மறுப்பது? அதே வாரம் மேடத்திடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் கடைசி வியாழக்கிழமை அறக்கட்டளையின் பெரியவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், திருப்தி என்றால் ஒன்பது குடியிருப்புகளுக்கு நானே ஒருங்கிணைப்பாளர். அவர்கள் வரும்போது குடியிருப்பில் மறுக்கப்படாத வதந்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மைத்துனனே வழி சொன்னான். "எனக்குச் சர்க்கரைன்னு எழுதிப் போட்டுடுங்க அத்தான். இதுல என்ன வெக்கம்? விரலே போயிருச்சு, மானமா பெருசு?"

நியாயமான யோசனைதான். ஆனால் அறக்கட்டளையின் பதினோராம் விதி, யாருடைய நோய் விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. சம்பந்தப்பட்டவரே சம்மதித்தாலும் சம்மதப் படிவம் தலைமை அலுவலகம் போய்த் திரும்ப ஆறு வாரம் ஆகும். பெரியவர்கள் வருவதற்கு நான்கு வாரம்தான் இருந்தது. விதியை மீற எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதனின் அந்தரங்கம் என்பது சின்ன விஷயமா?

அப்புறம் எனக்கு இது தோன்றியது. அவன் தன் ரொட்டியைத் தின்பதில்லை என்பது உண்மையாக இருப்பதால்தானே மறுக்க முடியவில்லை? அதைப் பொய்யாக்கிவிட்டால் மறுக்கலாம்.

தினம் காலை பத்து மணிக்கு, எல்லோர் முன்னாலும் அவன் ஒரு துண்டு ரொட்டி தின்ன வேண்டும். வீட்டில் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"தம்பிக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சுமா இப்பிடிப் பேசறீங்க?"

"ஒரு துண்டுதாம்மா. பேருக்கு வாயில வெக்கறது. கடை மூடற நிலைமையில இருக்கு, வேற வழி இருந்தா நீயே சொல்லு."

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் அன்றைக்கு ஒரு துண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் முதல் கட்டட வாசலில் ஒரு மேசை போட்டோம். இருபது பேர் வந்தார்கள். மைத்துனன் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து நின்று, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மெதுவாக மென்றான். ஒன்பது வருஷம் கழித்து அவன் தன் கைப்பண்டத்தைச் சாப்பிடுகிறான் ஐயா. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அத்தான்," என்றான் என் பக்கம் திரும்பி, "நான் நல்லாத்தான் சுடறேன்."

கூட்டத்துக்கு அது போதவில்லை. ஒரு துண்டு யார் வேண்டுமானாலும் தின்னலாம், முழுசாகத் தின்னட்டும் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து முழு ரொட்டி. மற்ற இரண்டு கட்டடத்துக்காரர்கள், எங்கள் வாசலில் ஏன் தின்னவில்லை, நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். வாசலுக்கு ஒன்றாகத் தினம் மூன்று ரொட்டி ஆயிற்று. அவன் தனக்கென்று நல்ல மாவில் தனியாகச் சுட்டுக்கொள்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உடனே கட்டடத்துக்கு ஒருவராக மூன்று பேர் கொண்ட ரொட்டித் தேர்வுக் குழு அமைத்தேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், முடிந்ததும் அவன் வாயை ஆவென்று திறந்து காட்ட வேண்டும். துப்பவில்லை என்பதற்கு அது சாட்சி. ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்த்தேன். மக்கள் பங்கேற்பு என்ற பகுதிக்கு மேடம் நூற்றுக்கு நூறு கொடுத்தார்.

வியாபாரமும் கொஞ்சம் திரும்பியது, அதையும் சொல்ல வேண்டும். நாலு பேர் ரொட்டி வாங்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து அவனுக்கு நம்பிக்கை வந்தது. மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்கிறேன், ஒன்றும் ஆகாது என்றான். இரண்டாம் வாரம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். மூன்றாம் வாரம் தராசு முள் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். காலில் பழைய புண் திறந்துகொண்டது. மனைவி காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள், அவளுக்கு விஷயம் மெதுவாகத்தான் எட்டியது. எட்டியதும் கடைக்குப் போய்க் கத்தினாள். "எனக்கொண்ணுமில்லக்கா, அத்தான் எல்லாம் பாத்துக்கறாரு," என்று அவன்தான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினான்.

பெரியவர்கள் வரவேண்டிய வாரம் திங்கட்கிழமை காலை, அவன் கடன் வாங்கிய சர்க்கரைக் கருவியோடு என்னிடம் வந்தான். விரலைக் குத்தி ரத்தம் வைத்தான். எண் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துதான் வந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு.

"இங்க பாருங்க அத்தான், மெஷின் எனக்கு 'ஹாய்' சொல்லுது!"

அவன் சிரித்தபடியே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டான். கருவியின் டப்பாவுக்குள் ஒரு விளக்கத்தாள் மடித்து வைத்திருந்தார்கள். அந்த மாதிரித் தாள்களைக் கடைசிவரை படிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான் இருப்பேன். கருவியால் அளக்க முடிகிற எல்லையையும் தாண்டிச் சர்க்கரை போய்விட்டால் எண் வராது, அந்த இரண்டு எழுத்து மட்டும்தான் வரும், உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும் என்று போட்டிருந்தது. 'மருத்துவமனைக்குச்' என்பதில் ஒற்று மிக வேண்டும், சரியாகவே போட்டிருந்தார்கள். தாளை மடித்து டப்பாவில் வைத்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்து, மறுப்பு எண் இருபத்தெட்டை எழுதினேன். 'மூலைக்கடை ரொட்டியைத் தின்றதால் கடை உரிமையாளர் காலமானார் என்று பரவிவரும் செய்தியில் உண்மை இல்லை. அன்னாரின் மரணத்துக்கும் ரொட்டியின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' தேதி போட்டு, சிவப்பு மையில் ஒருமுறை சரிபார்த்து, மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்றே அவனை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்கிறீர்கள். போயிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை மேசைக்குப் பின்னால் யார் நிற்பது? அறக்கட்டளைக்காரர்கள் வந்து நிற்கும்போது ரொட்டிக்காரன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ஊர் என்ன பேசும்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை ஐயா.

வியாழக்கிழமை சரியாகப் பத்தரைக்கு மேடமும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். முதல் கட்டடத்தில் ரொட்டி முடிந்தது, கை தட்டினார்கள். இரண்டாம் கட்டடத்தில் பாதியில் அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். டீச்சரம்மா நின்றுகொண்டுதான் தின்ன வேண்டும் என்றார். எழுந்து நின்றான். மீதியையும் தின்று வாயைத் திறந்து காட்டினான். பெரியவர் ஒருவர் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மூன்றாம் கட்டடத்துக்குப் போகிற வழியில் விழுந்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. நான் அழுதேன் ஐயா, நடிப்பில்லை. அவன் கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து அழுதேன்.

ஆறு மணிக்குள் குழுவில் வந்துவிட்டது, ரொட்டி தின்று செத்துவிட்டான் என்று. ஆறே காலுக்கு என் மறுப்பு போனது. அந்தத் துக்கத்திலும் கடமை தவறவில்லை என்று மேடம் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்.

திங்கட்கிழமைத் தேதி போட்ட அந்தத் தாளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் மனைவி என்று தெரியும். எனக்குக் கோபமில்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: "நீங்க எழுதினதக் கடைசி வரைக்கும் படிச்சது நான் ஒருத்திதான்." தேதி கைத்தவறா என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தவறில்லை. அவன் சாகப் போகிறான் என்று தெரிந்துதான் திங்கட்கிழமை எழுதினேன், தெரிந்துதான் வியாழக்கிழமை மேசை போட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

புதன்கிழமை என்ன பேசினோம் என்று கடைசியாகக் கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். "அத்தான், நாளைக்கு விட்டுடலாமா? கண்ணு சுத்தமா தெரியல, காலும் மரத்துக் கெடக்கு," என்றான். நாற்காலியில் உட்கார வைத்து, முதுகைத் தடவிக் கொடுத்தேன். நாளைக்கு ஒருநாள் மட்டும்தான் மச்சான், அப்புறம் நீ தின்னவே வேண்டியிருக்காது என்றேன். சரி அத்தான் என்று எழுந்து போனான். அப்புறம் ஏன் வேண்டியிருக்காது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.